கோழி முட்டையிட்ட பானை

எங்கள் வீட்டில் தேங்காய் பொய் சொல்வதில்லை. கேட்கிறவர்கள்தான் பாதியில் நிறுத்திவிடுவார்கள். இதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஏனென்றால் அன்று பாதியில் நிறுத்தியபோது, மீதிக் கேள்வி என்னவென்று அந்த அறையில் இருந்த எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

என் பெயர் இலாரியா ஸுலுவேத்தா. வயது அறுபத்தாறு. பெரீக்கோ என்ற ஊரில், ரயில் பாதைக்குத் தெற்கே, நீலச் சாயம் உரிந்துபோன மரவீடு எங்களுடையது. அசோயி சாமியின் வீடு எது என்று கேட்டால் தெருநாய்கூட வழி காட்டும். தேவாலயத்தில் அவரை சான் லாசரோ என்பார்கள். ஊன்றுகோல், உடம்பெல்லாம் புண், காலடியில் இரண்டு நாய்கள். எங்களுக்கு அவர் அசோயி. கொள்ளைநோயைத் தருகிறவரும் அவர், வேண்டிக்கொண்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறவரும் அவர். கரும்புத் தோட்டத்து அடிமைக் கொட்டடியில் கிடந்த எங்கள் கொள்ளுப்பாட்டன் அவரை ஒரு மண்பானைக்குள் நிலைநிறுத்தினான். அந்தப் பானை எங்கள் பின்அறையில் இருக்கிறது. அதன் வாயில் துளையிட்ட ஒரு மண்மூடி, சுற்றிலும் சிமெண்டுப் பூச்சு. படைப்பதையெல்லாம் துளை வழியாக ஊற்றுவோமே தவிர, உள்ளே பார்த்தவர் யாரும் கிடையாது. வீட்டுத் தலைவரைத் தவிர வேறு யாரும் அதை நகர்த்தக்கூட முடியாது. தலைவர் என் தம்பி எவேலியோ. நான் அந்த அறையைப் பெருக்குகிறவள், தண்ணீர் மாற்றுகிறவள், மெழுகுவர்த்தி ஏற்றுகிறவள். பதவி என்று ஒன்றும் இல்லை. ஆனால் ஐம்பது வருஷமாக நான் இல்லாமல் அந்த அறை விடிந்ததில்லை.

எட்டு வருஷத்துக்கு முன் பெரிய புயல் அடித்தபோது எவேலியோ கார்தெனாஸில் குடலிறக்க அறுவைசிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். அவன் மனைவி நியேவெஸ் கூட இருந்தாள். வீட்டில் நான் ஒருத்தி. காற்று பின்அறை ஓடுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியது. மழை நேராகப் பானைமேல் கொட்டியது. அந்தத் துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. தூக்கினேன். நான்கு அடி நடந்திருப்பேன், ஈரத் தரையில் கால் வழுக்கியது.

மூடி மட்டும் உடையவில்லை. பானையின் வயிறு ஏழெட்டுத் துண்டாகப் போயிற்று. உள்ளே என்ன இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். பார்க்கக்கூடாததைப் பார்த்ததே போதும், அதைப் பரப்பிய பாவமும் எனக்கு வேண்டாம். பாவாடையில் எல்லாவற்றையும் அள்ளிக் கட்டிக்கொண்டு கோழிக்கூட்டுக்கு ஓடினேன். அங்கே அவரைக்காய் வேகவைத்த ஒரு பழைய பானை கிடந்தது. விளிம்பு சிதைந்ததால் அடுப்பிலிருந்து இறக்கிவிட்டோம். அதன்பிறகு அதில் வைக்கோல் போட்டுக் கோழிகளை முட்டையிட விட்டிருந்தோம். அளவு ஏறக்குறைய ஒன்றுதான். கழுவினேன். உள்ளே வைக்க வேண்டியதை வைத்தேன். மூடியைப் பொருத்தினேன். ரயில்வேக்காரர்கள் பக்கத்தில் விட்டுப்போயிருந்த சிமெண்டைக் குழைத்துப் பூசினேன். பாட்டு இல்லை, பலி இல்லை, உரிமையுள்ள கை இல்லை. உடைந்த பானை ஓடுகளை வாய்க்கால் வெள்ளத்தில் எறிந்தேன். சாக்குத் துணியும் பாசிமணிகளும் போர்த்திய பிறகு எந்தப் பானையும் ஒரே பானைதான். எவேலியோ திரும்பி வந்து மண்டியிட்டுத் தரையை முத்தமிட்டு, "எங்க அப்பன் நனையக்கூட இல்ல பாரு" என்று அழுதான். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவன் தையல் காயட்டும் என்று ஒரு வாரம் பொறுத்தேன். ஒரு வாரம் பொறுத்த பொய்யை இரண்டாம் வாரம் சொல்வது கஷ்டம். இரண்டாம் வருஷம் அது முடியவே முடியாது.

அதன்பிறகும் அசோயி தேங்காயில் பேசினார், திருநாளில் ஆள்மேல் வந்து இறங்கினார், புண்களை ஆற்றினார். அவருக்குக் குறையில்லை போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இரண்டு வருஷத்துக்கு முன் பாரம்பரியச் சின்னங்களைக் கணக்கெடுக்கிறோம் என்று ஹவானாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் பூதக்கண்ணாடி, கழுத்தில் காமிரா. எவேலியோ துணியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினான். அவள் பானையின் வயிற்றில் படிந்திருந்த கரியைப் பார்த்து மெய்சிலிர்த்து, அடிமைக் கொட்டடியின் அடுப்புப் புகை அது என்றாள். பத்தொன்பதாம் நூற்றாண்டு, சேதமில்லை என்று எழுதி, முத்திரை குத்தி, சட்டம் போட்டுக் கொடுத்தாள். அது கூடத்துச் சுவரில் தொங்குகிறது. எங்கள் அம்மா அவரைக்காய் வேகவைத்த கரி அது. மூடி நிஜம், வயிறு கோழியுடையது. எனக்குச் சிரிப்பு வந்தது. சமையலறைக்குப் போய்ச் சிரித்தேன்.

போன வருஷம் மழை முடியும்போது காய்ச்சல் வந்தது. கொசுவால் வருகிறது என்றார்கள். முதலில் ரயில் நிலையத்துப் பக்கம், பிறகு தெருத்தெருவாக. மூன்று நாள் நெருப்பாகக் கொதிக்கும், நான்காம் நாள் சூடு இறங்கும். ஆனால் விரல், முட்டி, கணுக்கால் எல்லாம் வீங்கிப்போய் மனிதர்கள் கூன் விழுந்து நடப்பார்கள். ஊரே ஊன்றுகோலில் நடந்தது. மருந்துக் கடையில் மாத்திரை இல்லை. மின்சாரம் நாளுக்கு நான்கு மணி நேரம். மற்ற வருஷங்களில் இப்படி எதுவும் வந்தால் எங்கள் வீட்டு வாசல் நிரம்பும். இந்த முறை வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். காரணம், எங்கள் வீட்டிலேயே எவேலியோ படுத்துவிட்டான். கூடத்தில் பாடும் கிழவர் ஒருவர் செத்தே போனார். வைத்தியன் வீட்டில் பிணம் கிடந்தால் யார் உள்ளே வருவார்கள்?

"அசோயி வீட்டுலயே காய்ச்சல்னா என்னமோ தப்பு நடந்திருக்கு" என்று தூலா சொன்னாள். தூலா எங்கள் சித்தப்பா மகள். வீட்டுப் பாட்டுகளுக்கு அவள்தான் தலைக் குரல். தொண்டை தங்கம், நாக்கு கத்தி. "பதினேழாம் தேதி திருநாள். இன்னும் பத்து நாள்கூட இல்ல. கேட்டுத் தெரிஞ்சுக்காம கொட்டுல கை வைக்க நான் மாட்டேன்."

எவேலியோ தேங்காயைக் கேட்கலாம் என்றான். நடுப்பகல். அவனை நாற்காலியோடு தூக்கிப் பின்அறையில் வைத்தோம். நான், தூலா, நியேவெஸ். வேறு யாரையும் அவன் விடவில்லை.

நியேவெஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். எவேலியோவின் இரண்டாவது மனைவி. அவனைவிடப் பதினைந்து வயது சின்னவள். கிழக்கே பாயாமோ பக்கத்துக்காரி, இங்கே வந்து பன்னிரண்டு வருஷம். கிழக்கத்திக்காரர்கள் என்றால் எங்கள் ஊரில் ஒரு இளப்பம் உண்டு. நானும் யோக்கியம் இல்லை. அவள் சோற்றில் உப்பு அதிகம், சத்தம் அதிகம், பாட்டு அதிகம் என்று தினம் ஒரு குறை சொல்வேன். அவளும் விட்டதில்லை. "அக்கா, உங்க சோத்தைத் தின்னுட்டுத்தான் அசோயிக்கே புண்ணு ஆறலயாம்" என்பாள். சமையலறையில் எங்கள் சண்டையைக் கேட்டுத்தான் தெருவே மணி பார்க்கும்.

தேங்காய் கேட்பது சிக்கலான காரியம் இல்லை. தேங்காயின் நான்கு துண்டுகளைத் தரையில் போடுவோம்; உள்பக்கம் வெள்ளை, ஓட்டுப்பக்கம் கருப்பு. இரண்டு வெள்ளை, இரண்டு கருப்பாக விழுந்தால் உறுதியான ஆம். ஒன்று மட்டும் வெள்ளை என்றால் இல்லை. வேறு விதமாக விழுந்தாலும் அர்த்தம் உண்டு, அன்று அப்படி விழவில்லை. ஒரு விதி மட்டும் முக்கியம். பதில் வந்த கேள்வியை மறுபடி கேட்கக்கூடாது. கேட்டால் அவரைப் பொய்யன் என்று சொன்னதாகும்.

எவேலியோவின் விரல்கள் கிழங்குகளாக வீங்கியிருந்தன. துண்டுகளைப் பிடிக்கவே பல்லைக் கடித்தான்.

"வீட்டுல குறை இருக்கா?"

இரண்டு வெள்ளை, இரண்டு கருப்பு.

"செத்தவங்க ஏதாவது கேக்குறாங்களா?"

ஒன்று மட்டும் வெள்ளை.

"உனக்குத்தான் குறையா, அப்பா?"

ஆம். ஆணின் கையா என்று கேட்டான். இல்லை. பெண்ணின் கையா என்றான். ஆம். என் முதுகில் வியர்வை இறங்கியது. சாக்குத் துணிக்குள்ளிருந்து அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

"இந்தக் கூரைக்குக் கீழ சாப்பிடுறவளா?"

ஆம்.

தூலா தன் வீட்டில் சாப்பிடுகிறவள். மிச்சம் இரண்டு பேர். அடுத்த கேள்வி எதுவென்று குழந்தைக்கும் தெரியும். பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். எவேலியோ துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தான். அதற்குள் தூலா எழுந்துவிட்டாள்.

"இருங்க. ரெண்டு நாளா அடுப்படிப் பக்கம் எனக்கு ஒரு வாசனை அடிக்குது. எதுன்னு சொல்ல வாய் வரல."

அவள் போய், மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தையும், உரலில் இடித்து எண்ணெயில் குழைத்த ஒரு கிண்ணத்தையும் எடுத்து வந்து தரையில் வைத்தாள். எள்.

எள் அசோயியின் தானியம். அவர் உடம்புக் கொப்புளங்கள் அவை. அவர் இருக்கும் கூரையின் கீழ் எள் வந்து சிந்தினால் கொப்புளமாகவும் காய்ச்சலாகவும் முளைக்கும் என்பதை எங்கள் வீட்டில் பிள்ளைகள் நடக்கும் முன்பே கற்றுக்கொள்வார்கள். நியேவெஸும் பன்னிரண்டு வருஷமாகக் கேட்டிருக்கிறாள்.

"அவருக்கு முட்டியில தேய்க்கத்தான்" என்றாள். "எங்க ஊருல மூட்டு வலின்னா எள்ளைத்தான் இடிச்சுத் தேய்ப்போம். நாலு மாத்திரைக்கு நான் எத்தனை கடை ஏறி இறங்குனேன்னு உங்களுக்கெல்லாம் தெரியும். அடுப்படி தனித் தகரக் கூரைதானே, வீட்டுக் கூரை இல்லையேன்னு நெனச்சேன். உள்ள கொண்டுவரல. அவரைத்தான் வெளிய உக்காரவெச்சுத் தேய்ச்சேன்."

"கூரைக்கு வக்கீல் வெச்சுப் பேசுறா பாரு" என்றாள் தூலா.

எவேலியோ கண்ணை மூடிக்கொண்டான். அவன் முட்டியில் அந்த எண்ணெயின் மினுமினுப்பு இன்னும் இருந்தது. என்ன தேய்க்கிறாய் என்று அவன் அவளைக் கேட்கவில்லை போலும். பிறகு துண்டுகளை எடுத்தான். நியேவெஸா என்று கேட்கவில்லை. எள்ளா என்றும் கேட்கவில்லை. கண்ணெதிரே கிடப்பதை எதற்குக் கேட்பது? அவன் கேட்டது இதுதான்:

"தப்பு செஞ்ச கை இந்தக் கூரைக்குக் கீழ இருக்கலாமா?"

ஒன்று மட்டும் வெள்ளை.

தப்பு செய்த கை. அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. நான் என் கைகளைப் பார்த்தேன். 'பேரைச் சொல்லிக் கேளு எவேலியோ' என்று நான்கு சொல் சொன்னால் போதும். அது ஏற்கெனவே வந்த பதில் இல்லை, புதுக் கேள்வி. விதி தடுக்காது. அந்த நான்கு சொல்லும் நாக்கு நுனியில் நின்றன. கூடவே இன்னொன்றும் நின்றது. அறுபத்தாறு வயதில் இந்தக் கூரையை விட்டு நான் எங்கே போவேன்? கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, இந்த அறையைத் தவிர ஒரு ஊரும் தெரியாது. நியேவெஸ் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"பதினஞ்சாம் தேதிக்குள்ள நீ கிளம்பணும்" என்று எவேலியோ மனைவியிடம் சொன்னான். சொல்லும்போது அவளைத் தொடக் கை நீட்டினான். விரல் மடங்காததால் அது அவள் தோளில் வெறுமனே கிடந்தது.

ஐந்து நாள் நான் தூங்கவில்லை. நியேவெஸ் அழுது நான் பார்க்கவில்லை. அவள் அவனுடைய சட்டைகளுக்கெல்லாம் பொத்தான் தைத்தாள். அடுப்படியில் பாடுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் என்னைக் கொன்றது. ஆறாம் நாள் காலை, எவேலியோ ஆடுநாற்காலியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். தூலா திருநாளுக்காகச் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"எவேலியோ, அவர் பானையை நான் உடைச்சுட்டேன்."

அவன் கிண்ணத்தை மடியில் இறக்கினான். "எப்ப? இப்பவா?"

"புயல் வருஷம். நீ ஆஸ்பத்திரியில இருந்தே. உள்ள இருக்கறது கோழிக்கூட்டுப் பானை. நான்தான் மாத்தி வெச்சுப் பூசினேன். தேங்காய் சொன்ன கை என் கை. அவளை நிறுத்து. நான் போறேன்."

ஒன்றுவிடாமல் சொன்னேன். வழுக்கிய இடத்தைக்கூடக் காட்டினேன். அவன் முழுக்கக் கேட்டான். கேட்கக் கேட்க அவன் முகத்தில் பயம் வடிந்து வேறு ஏதோ வந்தது. அது என்னவென்று பிறகுதான் புரிந்தது. பாசம்.

"அக்கா" என்றான். "சின்ன வயசுல நான் மாங்கா திருடுனா நீதான் போய் முதுகைக் காட்டுவே. அப்பா பெல்ட்டு அத்தனையும் உனக்குத்தான். இன்னும் மாறலியா நீ?"

"அது வேற. இது நடந்தது."

"இலாரியா, அவகூட நீ ஒருநாள் சிரிச்சுப் பேசி நான் பாத்ததில்ல. அவளுக்காக இவ்வளவு பெரிய பழியத் தலையில தூக்கிவெச்சுக்கறியே."

தூலா சோளத்தைக் கீழே வைத்தாள். அவள் கண்ணில் தண்ணீர். தூலா கண்ணில் நான் தண்ணீர் பார்த்தது அவள் தாயார் சாவுக்குப் பிறகு அன்றுதான். "கோழிப் பானையாமே. ஹவானாக்காரி பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்து நூத்தம்பது வருஷம்னு எழுதிக் குடுத்திருக்கா. சுவத்துல தொங்குது. பொய் சொல்றதுன்னா கொஞ்சம் பொருந்தச் சொல்லுடி."

"அப்ப தேங்காயக் கேளு. இலாரியாவான்னு ஒரே ஒரு தடவை கேளு."

எவேலியோவின் முகம் இறுகியது. "பதில் வந்தாச்சு. நீ அந்த அறையில ஐம்பது வருஷம் இருந்தவ. வந்த பதிலை நம்பாமத் திருப்பிக் கேட்டா அவர் என்ன செய்வார்னு உனக்கு நான் சொல்லணுமா? இன்னும் எத்தனை பேரு சாகணும்?"

"பேரு கேக்கவே இல்லியே நீ."

"கேக்கறதுக்கு என்ன இருந்துச்சு? தரையில கிடந்துச்சே."

நான் கத்தினேன். அவன் என்னை உட்காரச் சொன்னான். காய்ச்சல் எனக்கும் வருகிறதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். அன்று மதியத்துக்குள் தெருவில் கதை பரவிவிட்டது. தம்பி மனைவிக்காகச் சாமி குற்றத்தையே தன்மேல் போட்டுக்கொண்ட இலாரியா. அதுவரை என்னைத் துடைப்பக்கட்டை என்று பேசிய பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். வீங்கிய கைகளை நீட்டி, நீ தொட்டால் போதும் இலாரியா என்றார்கள். தொட்டேன். வேறு என்ன செய்வது?

மறுநாள் பதினான்காம் தேதி. மதியம் எவேலியோ அயர்ந்து தூங்கினான். தூலா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் சமையலறை உரலிலிருந்து உலக்கையை எடுத்துக்கொண்டு பின்அறைக்குப் போனேன். பானையை உடைத்துக் காட்டினால்தான் நம்புவார்கள். உடைந்த வாயில் சிதைந்த பழைய விளிம்பு தெரியும், ரயில்வே சிமெண்டு தெரியும், அடியில் ஒட்டியிருக்கும் வைக்கோல்கூடத் தெரியும். நான் அதைச் சரியாகக் கழுவவில்லை, அவ்வளவு அவசரம். சாக்குத் துணியை விலக்கினேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்கெல்லாம் தகுதி போய் எட்டு வருஷம் ஆகிறது. உலக்கையை ஓங்கினேன்.

மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். நியேவெஸ். பக்கத்து அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவள்.

"விடு" என்றேன். "இவங்க யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

"நான் நம்புறேன்."

அவள் உலக்கையை வாங்கிச் சுவரோரம் சாத்தினாள்.

"ஆஸ்பத்திரியிலேருந்து நாங்க வந்த அன்னிக்கே கோழிக்கூட்டுல பானை இல்ல. கேட்டேன், உடைஞ்சுபோச்சுன்னு சொன்னீங்க. நீங்க ஒரு ஓட்டுத் துண்டைத் தூக்கிப் போடுறவங்களா? செடிச் சட்டிக்கு அடியில போட ஊரெல்லாம் பொறுக்குவீங்க. அந்தப் பானைக்கு ஒரு ஓடுகூட இல்ல. அப்பவே எனக்கு மனசுல பட்டுச்சு."

"எட்டு வருஷமாவா?"

"சந்தேகந்தான். யார்கிட்ட சொல்ல? கிழக்கத்திக்காரி பேச்சு. சொல்லியிருந்தா அன்னிக்கே பெட்டி கட்டியிருப்பீங்க எனக்கு." அவள் சாக்குத் துணியை இழுத்துப் பானையைப் போர்த்தினாள். மணிகளை ஒவ்வொன்றாக நேராக்கினாள். "எள்ளுப் பொட்டலத்தத் தரையில வெச்சப்போ உங்களைத்தான் பாத்தேன். இப்ப சொல்லிடுவாங்க, இப்ப சொல்லிடுவாங்கன்னு."

கடைசி மணியையும் நேராக்கிவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"இதை உடைச்சீங்கன்னா உங்க தம்பி செத்துடுவாரு. காய்ச்சல்ல இல்ல, இதுல. இன்னும் மூணு நாள்ல இந்த ஊரு முழுக்க நொண்டிக்கிட்டே வரும், இதைப் பாக்க. அதுங்களுக்கு மாத்திரையும் கிடையாது, கரண்டும் கிடையாது. இதுவும் கோழிப் பானைன்னு தெரிஞ்சா எங்க போகும்? நான் போறேன். பாயாமோவுல தங்கச்சி வீடு இருக்கு. உங்களுக்கு அதுகூட இல்ல."

"நியேவெஸ்—"

"உங்களை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க அக்கா. உங்களுக்காகப் போகல. அவருக்காகப் போறேன். உங்களுக்காகன்னா ஒரு அடிகூட எடுத்து வெச்சிருக்க மாட்டேன்."

இதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போகும்போது என்னென்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற குரல். நான் அந்தத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் நின்று பார்த்தாள். தண்ணீர் கொண்டுவந்து தரவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஒன்று சொல்லியாக வேண்டும். உலக்கையை நான் ஓங்கி எவ்வளவு நேரம் நின்றேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பக்கத்து அறையிலிருந்து ஒருத்தி எழுந்து, கதவைத் திறந்து, எட்டு அடி நடந்து வந்து பிடிக்கும் அளவுக்கு நின்றிருக்கிறேன். யாராவது தடுப்பார்கள் என்று காத்திருந்தேனா? இல்லை என்று சத்தியம் செய்ய எனக்குத் துணிவில்லை.

பதினைந்தாம் தேதி காலையில் அவளோடு நெடுஞ்சாலை வரை நடந்தேன். பெட்டியை நான் தூக்கினேன். முட்டி வலித்தும் தூக்கினேன், ஏதோ அதில் கணக்கு நேராகிவிடும் போல. அவள் வழியெல்லாம் எவேலியோவைப் பற்றியே பேசினாள். காலையில் காப்பிக்கு முன் வெந்நீர், சாயங்காலம் காலை உயர்த்தி வைக்கணும், அவருக்குத் தெரியாமல் உப்பைக் குறைக்கணும். அவருக்குத் தெரியும், ஆனால் தெரியாததுபோல இருப்பார், நீங்களும் அப்படியே இருங்கள். கிழக்கே போகும் லாரி ஒன்று நின்றது. பின்னால் ஏற்கெனவே இருபது பேர் நின்றிருந்தார்கள். யாரோ கை கொடுத்து அவளை ஏற்றினார்கள். பெட்டியை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, கம்பியைப் பிடிக்க இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது எவேலியோ வாசல்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். எப்படி அங்கே வரை வந்தானோ.

"போயிட்டாளா?"

"போயிட்டா."

"உக்கார இடம் கெடைச்சுதா?"

"கெடைச்சுது" என்றேன். இன்னொரு பொய்.

அவன் தலையாட்டினான். கொஞ்ச நேரம் சாலைப் பக்கமே பார்த்தான். பிறகு வீங்கிய இரண்டு கைகளாலும் என் வலதுகையை எடுத்தான். அந்த வலியிலும் எடுத்தான்.

"நீ அவளுக்காக அந்தப் பொய்யைச் சொன்னியே அக்கா. அவ கட்டாயம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் போயிருப்பா. இந்த வீட்டுல ஒரு கையாவது சுத்தமா இருக்குன்னு எனக்கு அது போதும். நாளன்னிக்கி ஜனங்களை நீ நின்னு தொட்டுக் குடு. என்னால முடியாது."

குனிந்து என் கையை முத்தமிட்டான். அவன் உதடு வறண்டு சொரசொரப்பாக இருந்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவன் விடும்வரை அப்படியே கொடுத்துக்கொண்டு நின்றேன்.